இறக்கை திரும்பின மூலை

கண்ணுகளா, பெரிய அம்மணி, நீ போன வாரம் கோயமுத்தூர் ஆஸ்டலிலிருந்து போனில் கேட்டதற்கு என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. "நாடு முழுக்கக் காத்தாடி நட்டுட்டு இருக்கறாங்க, கரி எரிக்கறதை நிறுத்தப் பாக்கறாங்க. நீங்க ஒரு முள்ளு வேலிக்காகக் குறுக்க நிக்கறீங்களாமா. என்ற கூடப் படிக்கறவங்ககிட்டச் சொல்லவே கூச்சமா இருக்குதுங்கப்பா" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சின்னவனும் கேட்டான். அக்கா சொல்வது சரிதானே என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தான். நான் போனை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். பேச்சில் சாமர்த்தியம் போதாது, கோபம் வந்தால் சுத்தமாக வாய் அடைத்துப்போகும். அதனால் எழுதுகிறேன். இதில் கோபம் இருக்கும். அது யார்மேல் உள்ள கோபம் என்பதை மட்டும் இரண்டு பேரும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்.

காற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை. காற்றில் கரண்டு எடுக்கிற காத்தாடியின்மேலும் இல்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் நம் ஊரில் ஓய்வதில்லை. குடத்தைத் தலையில் வைத்தால் குடம் தனியாகப் போகும், துவைத்துக் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும். மழை மேற்கு மலையோடு நின்றுவிடும், காற்று மட்டும் நமக்கு. அந்த ஒன்றுக்கும் ஆகாத காற்றுக்கு விலை உண்டு என்று கோயமுத்தூர் மில்காரர்கள் வந்து சொன்னபோது நான் கல்யாணம் ஆகாத பையன். அப்போது வந்தவை குட்டைக் காத்தாடிகள். அவற்றுக்குக் கேபிள் பதிக்கக் குழி தோண்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒருமுறை உள்ளே ஏணியில் ஏறி உச்சிவரை போயிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் நம் ஊர் அத்தனை வறண்டது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இந்த ஊருக்கு இனி இதுதான் வெள்ளாமை என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் குட்டைகளைப் பிடுங்கிவிட்டு, பலதுக்கு ஒன்றாக வானம் முட்ட நிறுத்துகிறார்கள். ஒன்றே ஒரு மில்லை ஓட்டும் என்கிறார்கள். ஓட்டட்டும்.

என் வருத்தமெல்லாம் நிழல் நமக்கு, வெளிச்சம் அவர்களுக்கு என்பது. சுற்றிலும் காத்தாடி சுழல, நம் கிணற்று மோட்டாருக்குத் த்ரீ பேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வருகிறது. தக்காளிச் செடி வாடிக் கிடக்க, அதன்மேல் இறக்கையின் நிழல் வந்து வந்து போகிறதைப் பார்த்தால் பத்திக்கொண்டு வரும். இருந்தாலும் இதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. சண்டை வந்தது கொரங்காட்டு மூலைக்கு.

அம்மணி, நீ ஆஸ்டலுக்குப் போன பிறகு நடந்தது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொரங்காடு என்றால் குரங்கு இருக்கும் காடு என்று படும். உழாமல், கொழுக்கட்டைப் புல்லை முளைக்கவிட்டு, நடுவில் வெள்வேல மரங்களை நிழலுக்கு விட்டு, நாலு பக்கமும் கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலம் அது என்று அவர்களுக்குச் சொல். ஒரே ஒரு படல். அதைச் சாத்திவிட்டால் ஆடுகள் இரவும் பகலும் உள்ளேயே கிடக்கும். மேய்க்க ஆள் வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம். வேலிதான் ஆள். நானும் உங்கள் அம்மாவும் இரண்டு பேராகத் தோட்டத்தையும் மாட்டையும் ஆட்டையும் பார்க்க முடிகிறது என்றால், அந்த வேலி ஒரு ஆள் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு மூலை திறந்தால் மொத்தமும் திறந்ததுதான். ஊருக்குள் இப்போது தெருநாய்க் கூட்டம் எப்படித் திரிகிறது என்று சின்னவனுக்குத் தெரியும். மூலை போனால் ஆடு வளர்க்க முடியாது. ஆடு இல்லாவிட்டால் உங்கள் படிப்பு இல்லை. எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

உங்கள் பெரியப்பா, என் பெரியப்பன் மகன், தன் மேட்டுக்காட்டில் பெரிய காத்தாடி நிறுத்தக் கம்பெனிக்கு இடம் வாடகைக்கு விட்டார். அது அவர் இஷ்டம். கம்பத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள், மதுக்கரைப் பக்கமிருந்து சிமெண்ட் லாரி லாரியாக வந்தது. எல்லாம் இட்டேரி வழியாகத்தான், இரண்டு பக்க வேலிக்கு நடுவே போய் நம் கொரங்காட்டு மூலையில் திரும்புகிற பழைய வண்டித்தடம் வழியாகத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம்தான் கம்பெனியில் வழி பார்க்கிற தம்பி வந்தார். கோயமுத்தூர்ப் பையன், ஆரஞ்சுச் சட்டை, தலையில் தொப்பி, யாரைக் கண்டாலும் சார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், இறக்கை ஒரே பீஸ் சார். மடக்க முடியாது. உங்க மூலையில வண்டி திரும்பணும்னா உள்பக்கம் கொஞ்சம் இடம் வேணும். இந்த வேலியும் அந்த மரமும் மட்டும் எடுத்துட்டா போதும்."

"எடுத்துப்போட்டு?"

"மூணு இறக்கையும் போனதும் நாங்களே கம்பி வேலி போட்டுத் தந்துடறோம் சார்."

உங்கள் அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஏனுங்க தம்பி, உங்கூட்டுச் செவுத்துல ஒரு பக்கத்தை இடிச்சுப்போட்டு, கல்யாணம் முடிஞ்ச பொறவு தார்ப்பாய் கட்டித் தாரேன்னா உடுவீங்களா?"

"அம்மா, இது வேலிதானம்மா. செவுரு இல்லையே."

"எங்களுக்கு இதுதானுங் செவுரு." சொம்பைக் கொடுத்தாள். "தண்ணியக் குடிங்க. வெய்யல்ல வந்திருக்கறீங்க."

அவர் குடித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். வேறு வழி ஒன்று இருக்கிறதாம். பெரியப்பாவின் முருங்கைத் தோப்பு வழியாக வந்தால் திரும்பவே வேண்டாம், நேராகக் காத்தாடிக்குப் போய்விடலாம். "அவரு முருங்கை காய்ப்புல இருக்குன்னு சொல்லிட்டாரு சார். உங்க பக்கம் சும்மா முள்ளுதானே, தம்பிகிட்டச் சொல்றேன்னாரு."

அம்மணி, இந்த இடத்தை இரண்டு தரம் படி. காத்தாடி நிற்பது அவர் காட்டில், அதன் வாடகை அவருக்கு, வழியும் அவர் நிலத்திலேயே இருக்கிறது. அவர் முருங்கை காய்ப்பில் இருப்பதால் என் வேலி போக வேண்டும். இதில் நாடு எங்கே வந்தது?

அன்றைக்குப் பொழுதோடே, சாயங்காலம் இட்டேரியில் அவரைப் பிடித்தேன். வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை.

"ஏன்டா தம்பி, நாலு கிளுவைக் குச்சிக்கு இத்தனை நாயமா? நாய் வருது நாய் வருதுங்கறயாமா. வேணும்னா சொல்லு, உன்ற ஆட்டுக்கு நானே காவலுக்கு வாரேன்."

"வாங்கண்ணா, நல்லதுங்க. நாய் உங்களைப் பாத்துச்சுன்னா சொந்தக்காரரு இருக்கறாருன்னு திரும்பிப் போயிரும்."

"நாக்கை அடக்கிப் பேசு."

"உங்க முருங்கையை வெட்டறதுக்கு என்னங்கண்ணா? அடுத்த வருசம் மறுபடி தழைஞ்சுக்குமே. கிளுவை அப்படித் தழையுங்களா? ஆடு நுழையாத மாதிரி அடர்த்தியாகறதுக்குள்ள எனக்கே வயசாயிரும்."

"முருங்கையை மெட்ராஸ் வரைக்கும் கேக்கறான். உன்ற முள்ளை எவன் கேக்கறான்?"

"நீங்கதானுங்களே கேக்கறீங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து டீக்கடையில் எனக்குப் பேர் "முள்ளுக்காரன்." நான் உள்ளே நுழைந்தால், "பாத்து உக்காருங்கப்பா, குத்திப்போடும்" என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் டீயைப் பார்த்துச் சிரிப்பார்கள். காற்றுக்காலம் தொடங்குவதற்குள் இறக்கை ஏற வேண்டும், ஏறாவிட்டால் ஒரு வருசம் போச்சு என்று கம்பெனி பெரியப்பாவை நெருக்க, பெரியப்பா ஊரை நெருக்க, ஊர் என்னை நெருக்கியது.

கடைசியில் கருப்பணசாமி கோயில் பூசாரி ஒரு வழி சொன்னார். இறக்கை வருவதற்கு முன் கம்பெனி செலவில் கெடாவெட்டு வைத்திருந்தார்கள். "பங்காளிக ரெண்டு பேரும் முட்டிக்கறதுக்கு, சாமிகிட்டயே கேட்டுப்போடலாம். கெடா துளுக்குனா மூலையை உடு. துளுக்கலீன்னா அவங்க முருங்கைல போகட்டும்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். நமக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் கெடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்போம். அது தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டது. துளுக்காவிட்டால் கத்தியை எடுக்கக்கூடாது. எத்தனையோ நில வழக்கு, தடத்து வழக்கு, பெண் கொடுக்கிற வழக்கு எல்லாம் நம் பக்கம் இப்படித் தீர்ந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீரும். நான் சரி என்றேன். பெரியப்பாவும் சரி என்றார். கோடிக்கணக்கில் பணம் கொட்டிய மிஷினுக்கு வழி எது என்பதை ஒரு வெள்ளாட்டுக் கெடா சொல்லப் போகிறது என்பதைக் கம்பெனித் தம்பியிடம் நாங்கள் சொன்னபோது அவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்றதும் அவரும் தலையை ஆட்டினார்.

கன்னிவாடிச் சந்தையில் பெரியப்பா வாங்கிவந்த கெடா. மை மாதிரிக் கறுப்பு, நல்ல வாட்டம். அன்று, காற்றுக்காலம் பிறப்பதற்கு முன்னாலேயே, காற்றும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. ஈரத்தோடு காற்றில் நின்றால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும், எனவே மூலை போனது போனதுதான் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். பூசாரி தண்ணீரை ஊற்றினார். கெடா காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. காது மட்டும் பின்னால் மடங்கியது. உடம்பில் ஒரு மயிர் அசையவில்லை. மறுபடி ஊற்றினார். கெடா கழுத்து மாலையில் இருந்த வேப்பிலையைத் தின்றது. கூட்டம் "துளுக்கிக் குடு சாமீ" என்று சத்தம் போட்டது. கெடா கம்பெனித் தம்பியின் ஆரஞ்சுச் சட்டையில் தொங்கிய பட்டையை எட்டிக் கடித்தது. அவர் விலகி நின்று போனில் யாரிடமோ தணிந்த குரலில், "சார், இன்னும் ஆடு ஓகே சொல்லலை சார்... ஆமா சார், ஆடுதான்... வெயிட் பண்றோம் சார்" என்றார்.

பொழுது சாய ஆரம்பித்தது. கறிக்கு மசால் அரைத்துவைத்த பெண்கள் ஆளுக்கொரு முகம் காட்டினார்கள். உங்கள் அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி உதட்டுக்குள் சிரித்தாள். எனக்கு அந்தக் கெடாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

அப்போது பெரியப்பா, "தண்ணி சரியாப் படலைங்க" என்று சொல்லிப் பூசாரி கையிலிருந்து சொம்பை வாங்கினார். முதுகில் ஊற்றினார். கழுத்தில் ஊற்றினார். கடைசி மடக்கை, கொம்பைப் பிடித்துத் தலையைச் சாய்த்து, இடது காதுக்குள் விட்டார். காதில் தண்ணீர் போனால் ஆடு உதறாமல் என்ன செய்யும்? தலையிலிருந்து வால்வரை உதறியது. தண்ணீர் எல்லார் முகத்திலும் அடித்தது.

"உத்தரவு! உத்தரவு!"

"காதுல ஊத்திப்போட்டாருங்க! பாத்தீங்கல்ல எல்லாரும்? அண்ணா, காதுல ஊத்துனீங்க!" என்று கத்தினேன். என் சத்தம் முடிவதற்குள் கத்தி இறங்கிவிட்டது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பூசாரி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "காதும் சாமி குடுத்ததுதானே அப்புனு" என்றார். உங்கள் மாமாவே, அம்மாவின் கூடப்பிறந்தவர், என் தோளைப் பிடித்து, "உடுங்க மாப்ள. தலை போன கெடாகிட்ட மறுபடி என்னத்தைக் கேக்கறீங்க?" என்றார். அத்தனை பேருக்கும் பசி. நியாயத்துக்கும் கறிக்கும் நடுவில் ஒரு ஊர் எதை எடுக்கும் என்று அன்று பார்த்தேன். ராத்திரி பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு போசி நிறையக் கறி வந்தது. அம்மா மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள்.

நீ கேட்பாய், ஏமாற்றியதுதான் தெரிகிறதே, அப்புறம் ஏன் விட்டீர்கள் என்று. ஊர் முன்னால் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் ஏமாற்றினார் என்பதற்காக நானும் சொல் தவறினால், நாளைக்கு நான் சொல்வதை யார் கேட்பது? இறக்கை போகும்வரை மூலையை விடுகிறேன், போன பிறகு அடைத்துத் தர வேண்டும் என்று கம்பெனித் தம்பியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "கண்டிப்பா சார்" என்றார்.

பொக்லைன் வந்து மூலையைப் பிடுங்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கிளுவைப் பிசின் வாசம் இரண்டு நாள் காற்றில் இருந்தது. எங்கள் அப்பன் நட்டது, பாட்டன் நட்டது என்று உருக எனக்கு வராது. யார் நட்டால் என்ன, ஆடு வெளியே போகாமல் இருந்தது, நாய் உள்ளே வராமல் இருந்தது. அவ்வளவுதான் அதன் பெருமை.

இறக்கை வந்த அன்று ஊரே இட்டேரியில் நின்றது. முன்னால் ஒரு ஜீப் விசிலோடு, கரண்டுக் கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிக்க ஆட்கள், நடுவில் அந்த வெள்ளை. ஒரு முனை மூலைக்கு வந்தபோது மறு முனை இன்னும் ஊர்க் கிணற்றைத் தாண்டவில்லை. சின்னவனே, நீ போனைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினாய். நான் திட்டுவேன் என்று பயந்து வீடியோவை ஒளித்தாய். நான் திட்டியிருக்க மாட்டேன். நானும் பார்த்தேன். மனிதன் அவ்வளவு பெரியதைச் செய்து, நம் இட்டேரிக்குக் கொண்டுவந்து, ஒரு வேலிக்குச்சிகூட உரசாமல் திருப்புகிறான் என்றால் வாயைப் பிளந்து பார்க்கத்தான் வேண்டும். என் காட்டுக்குள் நின்று நான் பார்த்தேன் என்பதுதான் கசப்பு.

மூன்றும் போயின. கம்பி வேலி வரவில்லை. கேட்டால், "கிரேன் வெளியே போகட்டும் சார்" என்றார். கிரேன் போனது. அப்புறம் போனை எடுப்பதற்கே நாளானது. ஒருநாள் நேரில் பிடித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சார், ரிப்பேர்னா பெரிய கிரேன் மறுபடி வரணும். அதனால மூலை திறந்தே இருக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. உங்கண்ணா அக்ரிமெண்ட்ல வழிக்குச் சம்மதம் குடுத்திருக்காரு."

"அவரு காட்டுக்குத்தானுங்க அவரு சம்மதம் குடுக்க முடியும். இது என்ற காடு."

"எனக்குப் புரியுது சார். நான் மெயில் போடறேன்."

அதுவரைக்கும் என்று ஒரு ஏற்பாடு. பொழுதோடே நான் வேலமுள் கட்டுகளை இழுத்து மூலையை அடைப்பேன். வெடியாலே கம்பெனி ஜீப் வருவதற்கு முன் இழுத்து ஒதுக்குவேன். மூலையில் திரும்புவது அவர்களுக்குச் சௌகரியம், நான் அவர்களுக்கு வாசல் திறக்கிற ஆள். கையெல்லாம் முள். டீக்கடையில் பட்டப்பேர் இன்னும் பொருத்தமாகிவிட்டது.

ஒரு நாள் மிஷினில் ஏதோ கோளாறு என்று ஜீப் பொழுது சாய்ந்து உள்ளே போயிருக்கிறது. நான் அடைத்த முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பும்போது வெளியே வந்தார்கள், முள்ளைத் திருப்பிப் போடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது குப்பை.

வெடியாலே போய்ப் பார்த்ததை முழுக்க எழுத மாட்டேன். சின்னவன் பார்த்தான், அவனுக்குப் போதும். நாய்கள் பசிக்குக் கடிக்கவில்லை. தின்ன ஒன்று போதும், ஓடுகிறதையெல்லாம் கடித்திருந்தன. சினை ஆடுகளால் ஓட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். உயிரோடு இருந்தவை வெள்வேல மரத்தடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. என்னைக் கண்டும் சிதறி ஓடின. அம்மா வந்து பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

மத்தியானம் காத்தாடி அடியில் போய் நின்றேன். கம்பெனித் தம்பி இருந்தார், பெரியப்பாவும் இருந்தார். நல்ல காற்று. செருப்பைக் கழற்றினால் பறக்கிற காற்று. மிஷின் நின்றுகொண்டிருந்தது.

"ஆட்டுக்கு விலை போட்டுத் தர்றோம் சார். நானே மேல பேசிட்டேன்" என்றார் தம்பி. நிஜமாகவே அவர் முகம் வாடியிருந்தது.

"ஆட்டை உடுங்க. வேலிக்கு என்ன வழிங்க?"

"வேலி முடியாது சார்."

"நாய் கடிச்சதுக்குக் காத்தாடி என்னடா பண்ணும்?" என்றார் பெரியப்பா. "ஊர்ல நாயே இல்லாமயா இருந்துச்சு?"

"நாய் இருந்துச்சுங்கண்ணா. வேலியும் இருந்துச்சு." மேலே பார்த்தேன். "காத்து இப்பிடி அடிக்குது, ஏனுங் தம்பி இது நிக்குது? இன்னும் ரிப்பேருங்களா?"

"இல்ல சார், நேத்தே சரி பண்ணிட்டோம். கரண்ட் ஜாஸ்தி ஆயிடுச்சு, லைன் தாங்காதுன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"எச்சாப்போச்சுங்களா? அப்ப எங்க மோட்டாருக்கு உடலாமுல்ல?"

"அது வேற டிபார்ட்மெண்ட் சார்."

பெரியப்பா சிரித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். தம்பி நடுவில் விழுந்து விலக்கினார். இதுவரை நான் யார் சட்டையையும் பிடித்ததில்லை, உங்களுக்குத் தெரியும். அன்று பொழுதோடேதான் பெரியப்பா உனக்குப் போன் போட்டிருக்கிறார் அம்மணி, உன் அப்பன் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறான், நீ படித்த பிள்ளை, எடுத்துச் சொல் என்று. செத்த ஆட்டைப் பற்றிச் சொன்னாரா? முருங்கையைப் பற்றிச் சொன்னாரா? சொல்லியிருந்தால் நீ அப்படிக் கேட்டிருக்க மாட்டாய். உன் பரீட்சை முடியட்டும் என்று நாங்களும் உனக்குச் சொல்லாமல் இருந்தோம்.

நீ சொன்னது தப்பு இல்லை. காற்று வேண்டும், காத்தாடி வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். நம் மாதிரி நாட்டுக்கு வேறு எதை எரிப்பது, எத்தனை நாள் எரிப்பது? நீ படிக்கிற படிப்புக்கு நாளைக்கு இந்த வேலைதான் கிடைக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கிடைக்கட்டும். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நீயும் யாரோ ஒருவர் காட்டு மூலையில் போய் நிற்பாய். அப்போது அவர்களிடம் நாட்டைப் பற்றிப் பேசாதே. வேறு வழி இருக்கிறதா என்று பார், அந்த வழி யாருடைய முருங்கையில் போகிறது என்று பார். போய்ப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொல். திருப்பித் தருகிறேன் என்று சொன்னால் திருப்பித் தா. தர முடியாது என்றால் முதல் நாளே முடியாது என்று சொல். கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். அந்தத் தம்பியின்மேல் எனக்கு இருக்கிற கோபம் வேலி பிடுங்கியதற்கு இல்லை. "கண்டிப்பா சார்" என்றதற்கு.

பெரியப்பா பண்டிகை நோம்பிக்குக் கூப்பிட்டால் நீங்கள் போங்கள். அது உங்கள் உறவு. நான் போக மாட்டேன்.

நீ போன் பேசிய மறுநாள் வெடியாலே, உங்கள் அம்மா எழுவதற்கு முன் கொரங்காட்டுக்குப் போனேன். வடக்கு வேலியில் மணிக்கட்டுத் தடிமனில், நட்டால் வேர் பிடிக்கிற ஒரு கிளுவைப் போத்தை வெட்டி எடுத்துக்கொண்டேன். மூலையில் அவர்கள் கொட்டி இறுக்கிய ஜல்லி கடப்பாரைக்கு இளகவில்லை, தீப்பொறி பறந்தது. உள்ளங்கை கொப்பளிக்கும்வரை குத்தி ஒரு முழம் ஆழம் எடுத்தேன். ஜீப்பின் இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில், போத்தை நிறுத்தி மண்ணைப் போட்டு மிதித்து, தோட்டத்திலிருந்து தூக்கிவந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். வேலமுள் கட்டை அன்று இழுத்து ஒதுக்கவில்லை. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, எருமை கறக்க நேரமாகிவிட்டதால், கட்டுத்தறிக்கு நடந்தேன்.